மேசைக்குக் கீழிருந்த பெட்டி

அண்ணை,

இன்று காலை உங்கள் மகள் கனடாவிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். நிலவறையைத் துப்புரவாக்குகிறாளாம். மேசைக்குக் கீழே பிரிக்காத ஒரு பெட்டி. "சித்தப்பா, அப்பா வாங்கி வைச்ச தோட்டா செய்யிற மெசின். இதை என்ன செய்யிறது?" என்று கேட்டிருந்தாள். இங்கே ஊரில், மருதனார்மடத்துப் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கடைசியாக என்னோடு கதைத்தது அந்த மெசினைப் பற்றித்தான். சனிக்கிழமைகளில் கடதாசி இலக்கைச் சுடுகிற சங்கம் ஒன்றில் சேர்ந்திருந்தீர்கள். சுட்ட பின் விழும் வெற்றுத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்கி வீட்டிலேயே திரும்பத் தோட்டாவாக்குவது அங்கே சாதாரணப் பொழுதுபோக்காம். "டேய் தம்பி, ஒரு மெசினிலை ஒரு இழுவைக்கு ஒரு வேலைதான் நடக்கும். மற்றதிலை தட்டுச் சுத்தும், கைப்பிடியை இழுக்க இழுக்க ஒவ்வொரு தோட்டா முழுசா விழும். எதை வாங்க? நீ லேத்துக்காரன், நீ சொல்லு."

என் கையெல்லாம் கிறீஸ் என்பதால் போனைச் சத்தமாக வைத்திருந்தேன். பக்கத்தில் முன்பின் தெரியாத இருவர் தண்ணீர்ப் பம்பியோடு நின்றார்கள். தோட்டா என்ற சொல் பட்டறை முழுக்கக் கேட்டது. நான் போனைக் கட் பண்ணிவிட்டேன்.

ஏன் கட் பண்ணினேன் என்பது உங்களுக்கு விளங்காமல் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சண்டைக் காலத்தில், காற்சட்டைப் பையில் ஒரேயொரு வெற்றுக் கோது கிடந்ததற்காக இராணுவம் என்னை மூன்று நாள் பிடித்து வைத்திருந்தபோது, முகாம் வாசலில் அம்மாவோடு நின்றது நீங்கள்தானே? "போனிலை உந்தக் கதை ஒண்டும் வேண்டாம்" என்று எனக்குச் சட்டம் போட்டதும் நீங்கள்தானே? விமானம் ஏறியதும் உங்களுக்கு மறந்துவிட்டது. இங்கேயே கிடந்த எனக்கு மறக்க வசதி கிடைக்கவில்லை.

பிறகு இரண்டு தரம் எனக்குப் போன் எடுத்தீர்கள். முதல் தரம் பயத்தில் போனைத் தூக்காமல் விட்டேன். இரண்டாம் தரம் எரிச்சலில். எங்களைக் குலைநடுங்க வைத்த சாமான் உங்களுக்குச் சனிக்கிழமை விளையாட்டா என்று இருந்தது. "அவனுக்கு என்னோடை கோவம்" என்று அண்ணியிடம் சொன்னீர்களாம். எட்டு மாதம் அப்படியே இருந்துவிட்டு, ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். திருப்பி எடுத்துச் சொல்ல எனக்கு எட்டு மாதம் இருந்தது. நானும் எடுக்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியில் அச்சிட்டிருந்தது தட்டுச் சுத்துகிற வகைதான். அன்று போனைக் கட் பண்ணாமல் இருந்திருந்தால், ஒரு இழுவைக்கு ஒரு வேலை செய்கிறதைத்தான் சொல்லியிருப்பேன். எதையும் மூன்று தரம் அளந்து பார்க்கிற உங்களுக்கு இந்த வேகம் சரிவராது. பெட்டியின் மூடியில் உங்கள் கையெழுத்து இருந்தது: "தம்பியைக் கேட்டுத்தான் பொருத்திப் பூட்டவேணும்."

உங்கள் மகளுக்கு இன்னும் பதில் போகவில்லை. மூன்று தரம் எழுதினேன். தோட்டா என்ற சொல் வந்த இடத்தில், மூன்று தரமும் விரல் தானாக அழித்துவிட்டது.