உப்பு சுத்திப் போட்ட தகடு

என் பிரியமான பழனி அண்ணாவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் கை நடுங்கவில்லை. விரிசல் உன் வெல்டிங்கில் இல்லை.

நாமக்கல் பட்டறையில் எங்கள் ஆய்வகத்துக்காகப் பன்னிரண்டு எவர்சில்வர் தகடுகளை வெல்டிங் வைத்துக் கொடுத்தாயே, அதுதான் உன் கடைசி வேலை. அணுக்கழிவை அடைத்துவைக்கும் கலங்களுக்கு அந்த உலோகம் தாங்குமா என்று பார்க்கக் கேட்டிருந்தோம். தகட்டை வளைத்து, போல்ட் போட்டு இறுக்கி, சூடும் ஈரமுமான பெட்டியில் வைப்போம். இறுக்கத்தோடு உப்பும் சேர்ந்தால் எவர்சில்வரும் மெல்ல விரிசல் விடும். ஆறு தகடுகளுக்கு உப்பு தெளித்தோம், ஆறுக்குத் தெளிக்கவில்லை.

நீ கண்ணை மூடி இரண்டு மாதத்தில், உப்பு தெளிக்காத தகடு ஒன்று வெடித்தது. உடம்பு முடியாதவனிடம் கொடுத்தது தப்பு என்று பட்டறையில் பேசினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஏன் அப்படி இருந்தேன் அண்ணா?

அண்ணி மட்டும் நேராகவே கேட்டார். "ஏங்கண்ணு, உங்கண்ணன் கடைசியா செஞ்ச வேலை கெட்டுப்போச்சாமா?" மறுநாளே அந்தத் தகட்டைக் கையில் எடுத்தேன்.

தகட்டை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். விரிசல் வேர் மாதிரி கிளைகிளையாக ஓடியிருந்தது. அது தொடங்கிய இடம் உன் வெல்டிங்கிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருந்தது. அங்கே உப்பின் தடம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்த ஆயுத பூஜை! புது டேங்கர் லாரி பட்டறையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் திருஷ்டிக்கு நீ கல்லுப்பு சுத்திப் போடுவாய். நீ வர முடியவில்லையே என்று, பெட்டியைத் திறந்து உன் தகடுகளுக்கு நான் சுத்தினேன். ஒரு கல் உள்ளே விழுந்திருக்கிறது. இதையே பாடமாகப் படித்தவள் செய்த வேலை இது.

துறைத் தலைவரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டினார், பிறகு சிரித்துவிட்டார். வெல்டிங்கே இல்லாத தகட்டில் கல்லுப்பு வைத்துப் பார்த்தோம், அதுவும் அப்படியே வெடித்தது. உப்பு படாத உன் மற்ற ஐந்தும் இன்றுவரை முழுசாக இருக்கின்றன. அப்பாடா என்று உட்கார்ந்து அழுதேன்.

நேற்று மோகனூர் போய் அண்ணியிடம் சொன்னேன். உன் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அவரு கை சுத்தமுன்னு எனக்குத் தெரியுங்கண்ணு. உன்ற வாயால வரோணும்னுதான் காத்திருந்தேன்."

அறிக்கையில் என் தப்பை என் பெயர் போட்டே எழுதுகிறேன் அண்ணா. பட்டறைக்கும் ஒரு நகல் எடுத்துப்போய், எல்லோரும் கேட்க நானே வாசிப்பேன்.

உன் கையைச் சந்தேகப்பட்ட தங்கச்சி,
மல்லிகா