மழைக்கோட்டுக்காரியை நடத்தியது யார்?

மார்ச் 1, ஞாயிறு

அண்ணன் இன்று எல்லோர் முன்னாலும் என் மூக்கை உடைத்தான். பாவி, சிரித்துக்கொண்டே.

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள். சாப்பிட்டு முடித்துப் பேச்சு எப்படியோ எங்களுடைய பழைய பேய் வீடியோ கேமுக்குப் போனது. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருத்தி பாழடைந்த பங்களாவில் மாட்டிக்கொள்வாள். செத்தும் நடக்கிறவர்களிடமிருந்து தப்பிக்க வேண்டும். நான் சும்மா இருந்திருக்கலாம். "கடைசிப் பிசாசைக் கொன்னது நான்தானே, பத்து வயசுல" என்றேன்.

அண்ணன் மூன்றாவது கேக் துண்டை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான். "நீயா? அது ஒருத்தர் மட்டும் ஆடுற கேம்டி. உன் கையில இருந்தது ரெண்டாவது கன்ட்ரோலர். நான் உன் பின்னாடி கட்டில்ல உக்காந்து, போர்வைக்குள்ள வச்சு ஆடினேன். நீ பாட்டுக்கு முன்னாடி உக்காந்து பட்டனை அமுக்கிட்டு இருந்த!"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவருக்குப் புரையே ஏறிவிட்டது. கட்டின புருஷன்! அம்மா, "ஏண்டா, இப்பப் போய் அதைச் சொல்ற?" என்றாள். அப்படியானால் அம்மாவுக்கும் தெரியும்.

இத்தனை வருஷமும் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

மார்ச் 2, திங்கள்

வேலையிலும் அதே நினைப்பு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்த முதல் நாள், ஊசியைக் கையில் எடுத்தும் குத்தத் துணியவில்லை. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு நானே சொன்னேன் — அந்தப் பிசாசையே கொன்ன கைடி இது, இதுக்கா பயப்படுற? வெளியே வந்து குத்தினேன். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. பிரசவத்துக்குப் போனபோதும் அதைத்தான் நினைத்துக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது என்னவென்று சொல்லிக்கொள்வது? அந்தக் கை என் கையே இல்லையாமே.

வச்சுக்கிறேன் அவனை.

மார்ச் 4, புதன்

அம்மா வீட்டுப் பரணிலிருந்து பழைய கேம் பெட்டியை எடுத்து வந்துவிட்டேன். "எதுக்குடி இது?" என்றாள். "சும்மா" என்றேன். உன்னிடம் சொல்வேனா?

பெட்டியின் முகத்தில் ஒயர் செருக இரண்டு துளைகள். முதல் துளையில் இருப்பதைத்தான் கேம் மதிக்கும். பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தது யோசனை! அவனை முன்னால் உட்கார வைத்து இரண்டாவதைக் கொடுக்கிறேன். முதலாவது பின்னால் என் மடியில், தலையணைக்கு அடியில். சுவர் சுவராக முட்ட வைத்துச் சாகடிக்கிறேன். அவன் முழிக்கும்போது தலையணையைத் தூக்கிக் காட்டுகிறேன். அண்ணியும் இவரும் பார்க்க.

அதற்கு முதலில் நான் ஆடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

சுவர். அலமாரி. மறுபடி சுவர். செத்தேன்.

எவன் செய்தான் இதை? மேல் பட்டனை அழுத்தினால் அவள் திரையில் மேலே போவதில்லை. அவள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாளோ, அந்தப் பக்கம் நடக்கிறாள். இடது, வலது அழுத்தினால் நின்ற இடத்திலேயே ஆட்டுக்கல் குழவியாட்டம் சுற்றுகிறாள். நாலடி வைத்தால் கேமரா வேறு மூலைக்குத் தாவுகிறது. வந்தவள் போகிறவளாகத் தெரிகிறாள். பதறி அழுத்தினால் நேராகப் பிணத்தின் வாயில் போய் விழுகிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

இவர் எட்டிப் பார்த்து, "அவ தப்பிக்க வந்தாளா, வெள்ளையடிக்க வந்தாளா? சுவரை விட மாட்டேங்கிறாளே" என்றார்.

காபி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

மார்ச் 11, புதன்

இன்று ஒரு டிரைவர் ரத்தம் கொடுக்க வந்தார். எதிரே உட்கார்ந்தவரிடம் "வலது கையை நீட்டுங்க" என்று சொல்லிவிட்டு, என் இடப் பக்கம் கையை நீட்டினேன். யோசிக்கவேயில்லை. தினமும் செய்வதுதானே! வந்தவரின் வலது எனக்கு இடது. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதை யார் கேட்டார்கள்?

அடிப் பைத்தியமே. மழைக்கோட்டுக்காரிக்கும் அதுதான். கேமரா எங்கே வேண்டுமானாலும் தொங்கட்டும். அவளுடைய வலது எது?

மார்ச் 12, வியாழன்

கூடத்திலிருந்து மாடி வரை போனாள். ஒரு சுவரையும் தொடவில்லை.

மார்ச் 18, புதன்

கொதிகலன் அறை வரை வந்துவிட்டேன். அங்கேதான் அந்தக் கடைசிப் பிசாசு. அடிக்கு ஒரு தரம் கேமரா மாறுகிறது. எத்தனை தடவை செத்தேனோ! விரல் வீங்கிவிட்டது.

பரவாயில்லை. எனக்கு ஜெயிக்கவா வேண்டும்? அவன் தோற்றால் போதும். அந்த அறை வாசலில் ஆட்டத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன். முதல் கன்ட்ரோலரின் ஒயரை நீட்ட இன்னொரு ஒயர் வாங்கிக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டியாயிற்று. இவரிடம் மட்டும் சொன்னேன். "உன்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். இருங்கள்.

மார்ச் 22, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "கண்ணாடி எடுத்துட்டு வரலையே." "அப்ப முன்னாடி தள்ளி உக்காரு அண்ணா." கேட்டானே பார்க்கணும், சமர்த்தாக! நான் சோபாவில். மடியில் தலையணை.

திரும்பும்போது அவனுக்கு உடம்பும் சேர்ந்து சாயும், சின்ன வயசிலிருந்தே. வலப் பக்கம் சாய்ந்தான். நான் இடது அழுத்தினேன். சுவர். இடப் பக்கம் சாய்ந்தான். குழாயில் முட்டல். "கையே வரலையேடி, என்னாச்சு எனக்கு?" அண்ணி, "வீட்டுலயும் இப்படித்தான், கதவுக்குக் கதவு இடிச்சுப்பார்" என்றாள். ஆகா, என்ன சுகம்! வயிறு குளிர்ந்தது.

அப்புறம் பிசாசு வந்தது. சாக விட வேண்டியதுதான். விரலை எடுத்தேன். அவள் அந்த மஞ்சள் கோட்டில் தனியாக, அசையாமல் நின்றாள்—

முடியவில்லை. அவனுக்காக இல்லை. அவளுக்காக.

எப்படி ஆடினேன் என்று இப்போதும் தெரியவில்லை. வலது, முன்னால், திரும்பு, சுடு. கேமரா தாவத் தாவ அவளுடைய வலது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. கடைசிக் குண்டில் பிசாசு விழுந்தது. முதல் தடவையாக. என் கையால்.

அண்ணன் முழங்கால் வலியை மறந்து குதித்தான். "பாத்தியா! கை மறக்கல பாத்தியா!" உடனே அம்மாவுக்கு போன். இவர் 'இப்போது தூக்கு' என்று தலையணையைக் கண்ணால் காட்டினார்.

நான் தூக்கவில்லை. "சூப்பர் அண்ணா" என்றேன்.

மார்ச் 25, புதன்

அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டானாம். இந்த வயசிலும் ஒரே மூச்சில் கொன்றேன் என்று பக்கத்து வீட்டுக்காரரிடமும் அளந்தானாம். அண்ணி போனில் அலுத்துக்கொண்டாள்.

சொல்லட்டும். நன்றாகச் சொல்லட்டும். வருஷக் கணக்காகச் சொல்லிச் சொல்லி அவன் அதிலேயே ஊறிப்போகட்டும். அவனுடைய எழுபதாவது பிறந்தநாளுக்குப் போவேன். எல்லோரும் இருப்பார்கள், பேரன் பேத்திகள் உட்பட. அவன் மூன்றாவது கேக் துண்டை வாயில் வைக்கும்போது, "அண்ணா, இன்னைக்கு ஒரு உண்மையைச் சொல்லிடறேன்" என்று ஆரம்பிப்பேன்.

அதுவரை அவன் நன்றாக இருக்க வேண்டும். கேக்கைப் பார்த்தால் கையை அடக்கத் தெரியாத ஜென்மம். சர்க்கரை எவ்வளவு இருக்கிறதோ! நாளைக் காலை வெறும் வயிற்றோடு என் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் குத்த வேண்டாம். நானே எடுக்கிறேன்.