சமாதி உப்பு

என்னை மகனே என்று வாய் நிறையக் கூப்பிட்ட என் சாமிக்கு,

நேற்று உங்கள் குருபூசையில், உங்களைச் சமாதி வைத்த குழியிலிருந்து எடுத்தது என்று சொல்லி உப்பைப் பொட்டலம் கட்டி விற்றார்கள். விற்றவர் உங்கள் சீடர் சின்னச்சாமி. திருவொற்றியூர் மடத்துக்கு இப்போது அவர்தான் பெரியவர்.

சுதந்திரம் வந்த வருஷம் உங்களை உட்கார்ந்த வாக்கில் குழியில் இறக்கி, உப்பும் விபூதியும் கற்பூரமும் கழுத்துவரை போட்டு மூடினோம். அந்த உப்பை அத்திப்பட்டு உப்பளத்திலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்து கொட்டியவன் நான். மேலே பாவிய கருங்கல்லை இன்றுவரை யாரும் அசைக்கவில்லை.

போன வாரம் மடத்து ஆள் என் மண்டியில் உப்பு மூட்டை கேட்டான். அன்னதானத்துக்கு என்று நினைத்துச் சும்மாவே கொடுத்தனுப்பினேன். ஊருக்கே ஊறுகாய் போடுகிறீர்களா என்று அவனைக் கேலி வேறு செய்தேன்.

நேற்று வரிசையில் அளத்து வேலைக்காரி முனியம்மா நின்றாள். உப்புப் பாத்தியில் நின்று நின்று வெடித்துப் புண்ணான கால். பொட்டலத்தைப் பிரித்துப் புண்ணில் அப்பிக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

"இன்னாம்மா பண்றே? உப்பு தின்ன காலு, அதும் மேலயே உப்பா?"

"சும்மா இரு நைனா. சாமி உடம்புல பட்ட உப்பு இது. எரிஞ்சா வேல செய்யுதுன்னு அர்த்தமாம்."

முகர்ந்து பார்த்தேன். கற்பூர வாசனையே இல்லை. என் மண்டிச் சரக்கு.

உள்ளே சின்னச்சாமிக்குப் பாதபூசை. காலில் ஊற்றிய பால் தாம்பாளத்தில் வழிய, நக அழுக்கோடு அதை ஜனம் வாங்கிக் குடிக்கிறது. காலில் விழ வந்தவனை எழுப்பி, வாசல் பானையில் தண்ணீர் நிரப்பச் சொன்னவர் நீங்கள். இந்த ஆளை எப்படிப் பக்கத்தில் வைத்திருந்தீர்கள்? தெரியாமலா, தெரிந்தேயா?

பொட்டலத்தைச் சின்னச்சாமி முன்னால் நீட்டினேன். "நம்பிக்கைதான் மருந்து, ஏழுமலை" என்றார்.

"அந்த நம்பிக்கைய என் மண்டியிலருந்தா மூட்டை கட்டிகினு வந்தே?"

"கத்தாதய்யா, ஜனம் கீது. இன்னா வோணும், சொல்லு."

அங்கேயே குட்டை உடைத்திருப்பேன். கூட்டம் கலைந்து ஓடினால் பெண்டு பிள்ளைகள் மிதிபடும். முனியம்மாவிடம் மட்டும் சொன்னேன். "த்தூ, கலீஜு" என்று துப்பிவிட்டு, காலைக் கழுவ வெந்நீர் கேட்டாள்.

பிறகு எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன், பேரம் பேசினேன். மடம் நிற்பது என் மனையில். எழுதிக் கொடுக்கவில்லை, உங்கள் முகத்துக்காக வாய்வார்த்தையில் விட்டது. அதை ஞாபகப்படுத்தியதும் தாம்பாளத்திலிருந்து காலை எடுத்தார்.

சாமி, அவர் ஒப்புக்கொண்டதைச் செய்கிறாரா என்று இனி வெள்ளிதோறும் நானே வந்து நின்று பார்ப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. பேசி முடித்தது இதுதான்: இந்தக் கடிதம் மடத்து வாசலில் ஒட்டப்படும். உள்ளே எதையும் விற்கக் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் அளத்து ஜனத்தின் கால்களைச் சின்னச்சாமி தன் கையால் வெந்நீரில் கழுவி வேப்பெண்ணெய் போட வேண்டும். எண்ணெய் என் பொறுப்பு. ஒரு வெள்ளி தவறினாலும் மனையைக் காலி செய்ய வேண்டும்.

உங்கள் மகன்,
உப்பு மண்டி ஏழுமலை,
ராயபுரம்