பறக்கும் அண்ணனுக்காக ஒரு ஜெபம்

மார்சிலிங்,
ஞாயிற்றுக்கிழமை

கோபக்கார அண்ணனுக்கு,

நம்ம வீட்டுக்கும் டிவி வந்துடுச்சு லா! அப்பாவோடு சண்டை போட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாயே, இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

நேற்று சாயங்காலம் முதல் தடவையாக ஒரு கார்ட்டூன் பார்த்தோம். வீரன் ஒருத்தன் முதுகில் போர்வையைக் கட்டிக்கொண்டு பறக்கிறான், ஒரே கையால் பஸ்ஸைத் தூக்குகிறான். ஆனால் ஜட்டியைக் கால்சட்டைக்கு மேலே போட்டிருக்கிறான். "அவசரத்துல கிளம்பியிருப்பான், பாவம்," என்றார் அப்பா. அம்மா ஜெபமாலையைக் கையில் பிடித்தபடியே வாயைப் பிளந்து பார்த்தார். வில்லன் அவனைக் குகைக்குள் அடைத்த நேரம் பார்த்து, மீதி அடுத்த வாரம் என்று முடித்துவிட்டார்கள்.

உடனே ஜெபமாலை. யாருக்காக வேண்டுகிறோம் என்று ஒவ்வொருத்தரும் சொல்வோமே, என் முறை வந்தது. முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு, "குகையில மாட்டியிருக்கிற பறக்கும் அண்ணனுக்காக," என்றேன். அம்மா தொடையில் கிள்ளினார். அடுத்து அப்பாவின் குட்டு விழும் என்று தலையைக் குனிந்தேன்.

அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. "அவனுக்காகவும், இந்த வீட்டை விட்டுப் பறந்து போனவனுக்காகவும். ரெண்டு பேரும் பத்திரமா வரணும்," என்றார். அம்மா சொன்ன ஆமென் கீழ்மாடிவரை கேட்டிருக்கும்!

சனிக்கிழமை அவன் எப்படியும் தப்பித்துவிடுவான். நீயும் வந்துடு. பறக்க வேண்டாம், பஸ்ஸிலேயே வா.

இப்படிக்கு,
உன் துண்டை முதுகில் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதிக்கும் தங்கச்சி