நன்றி சொல்லி முடிவதற்குள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? புது மாத்திரை வயிற்றைப் புரட்டினால் டாக்டரிடம் சொல்லிவிடு. பொறுத்துக்கொண்டு இருக்காதே.

நேற்று நான் நாடாளுமன்ற அவையில் பேசியதை டிவியில் பார்க்க, தெருவையே வீட்டுக்குள் கூட்டி வைத்திருந்தாயாம். உன் மகள் சொன்னாள். அதன் பிறகு நீ என் போனை எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கேள்வி நேரத்தில் யார் கேள்வி முதலில் என்று குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்கள்; கடைசி வரிசைக்காரனின் கேள்வி அந்தக் குலுக்கலில் மேலே வருவதே அபூர்வம். வந்தாலும் அன்று அமளி என்றால் போச்சு. நேற்று எல்லாம் கூடி வந்தது. அத்தானை ரயில் அடித்த ஆளில்லாத கிராசிங்குக்கு கேட் போடுவார்களா என்று கேட்டிருந்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று வாசித்துவிட்டு அமைச்சர் உட்கார்ந்தார். எந்தத் தேதிக்குள் என்று நான் எழுந்து மடக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பக்கத்து இருக்கைக்காரர் முன்பே சொன்னார்: “யோவ், நேரம் முடியப்போவுது. நன்றியெல்லாம் வெளியில வந்து சொல்லிக்க, மொதல்ல கேள்வியக் கேளு.”

பழக்கம் விடுமா? சபாநாயகருக்கு நன்றி, எங்கள் தலைவருக்கு நன்றி என்றே ஆரம்பித்தேன். தலைவரைச் சொன்னதும் எங்கள் பக்கம் முழுவதும் மேஜையைத் தட்டியது. இத்தனை வருஷத்தில் நான் பேசி யாரும் மேஜை தட்டியதில்லை அக்கா. கேட்க நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு வரி நீட்டினேன். “கேள்விக்கு வாங்க உறுப்பினரே” என்றார் சபாநாயகர். அதற்கும் நன்றி சொன்னேன். கேள்வி நேரம் முடிந்தது என்று அறிவித்தார்கள். மைக்கின் விளக்கு அணைந்தது.

“நல்லாத்தான்யா பேசின, கேள்வி மட்டுந்தான் இல்ல” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். கட்சி அலுவலகத்திலிருந்து பாராட்டிப் போன் வந்தது.

அமைச்சரை அறையில் போய்ப் பார்த்தேன். “எழுதிக் குடுங்க, பாக்கலாம்” என்றார். அவையில் சொல்லியிருந்தால் அது வாக்குறுதி. அறையில் சொன்னது வெறும் பேச்சு. அடுத்த கூட்டத்தொடருக்கும் கேள்வி கொடுப்பேன். குலுக்கல் என் கையில் இல்லை.

உன் மகள் இன்னும் அந்த வழியாகத்தான் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள். பாலம் வழியாகச் சுற்றிப் போகச் சொல். நேரமாகிறது என்பாள். அப்படியானால் தண்டவாளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் பார்க்கச் சொல். மாமா சொன்னதாகச் சொல்லாதே. நீயே சொல்வதாகச் சொல்.

ஒரு தடவை போனை எடு அக்கா. திட்டுவதற்காவது எடு.

உன் தம்பி