வாத்துகள் நின்ற குடில்

சேசு மரி சூசை துணை

வெண்ணாற்றங்கரை வீடு,
குருத்தோலை ஞாயிறு கழிந்த திங்கள்.

அன்பு மகன் தனிஸ்லாசுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மருமகளும் பேரனும் சளி காய்ச்சல் என்று இல்லாமல் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டேதான் தினமும் ஜெபமாலையைக் கையில் எடுக்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பழையபடிதான், தைலம் தேய்த்தால் வாசனை பிடிக்கவில்லை என்பார், தேய்க்காவிட்டால் இந்த வீட்டில் தன்னை யாரும் கவனிப்பதில்லை என்பார். சம்பா அறுப்பு முடிந்தது, அறுக்கிற நேரம் பார்த்து மழை பெய்து கொஞ்சம் சாய்த்துவிட்டது, கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பிவிட்டார்கள், காயவைத்து மறுபடி கொண்டுபோய்ப் போட்டோம். சிவப்பு மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உளுந்தும் எடுத்தாகிவிட்டது, அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

தினம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ சரிம்மா விடும்மா என்பாய், அதற்குள் பேரன் போனைப் பிடுங்குவான், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். கிறிஸ்துமஸிலிருந்து இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன், இனி முடியாது. கடைக்கார ஷம்சாத்தின் மருமகள் அடுத்த வாரம் உன் ஊருக்கே வருகிறாளாம், அவளிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன். தவக்காலத்தில் இவ்வளவு கோபம் ஆகாது என்று அப்பா சொல்கிறார். இது கோபம் இல்லை தம்பி, அருவருப்பு. சோற்றில் பல்லி கிடந்ததைப் பார்த்தவளுக்கு அடுத்த வேளை அந்தத் தட்டைத் தொட மனம் வராது அல்லவா, அப்படித்தான் எனக்கு நம் மாதா கோயில் வாசலில் போய் நிற்க மனம் வரவில்லை. நேற்று குருத்தோலையைக்கூட அப்பாதான் போய் வாங்கி வந்தார்.

அம்மாச்சி நினைவாக என்று சொல்லி உன் சின்னப்பன் மாமாவும் நீயும் சேர்ந்து கோயிலுக்கு வாங்கிக் கொடுத்தீர்களே, அந்த பைபர் கிறிஸ்துமஸ் குடில், அதைத்தான் சொல்கிறேன். நீ வீடியோவில் பார்த்துவிட்டு சூப்பரா இருக்கும்மா என்றாய். வீடியோவில் நாற்றம் தெரியாது. மாதாவுக்கு நீலக் கண், உதட்டில் சாயம், கன்னத்தில் ரோஸ். குழந்தை இயேசுவின் வயிற்றுக்குள் ஒரு பல்பு, விட்டு விட்டு எரிகிறது. பக்கத்தில் யார் போனாலும் ஒரு ஆடு தலையை ஆட்டிக்கொண்டு இங்கிலீஷ் பாட்டுப் பாடுகிறது. கூரை மேல், தரை மேல் எல்லாம் தெர்மாகோலை உதிர்த்துப் பனி என்று கொட்டி வைத்திருந்தான் உன் மாமா, அது மின்விசிறிக் காற்றில் பறந்து சனங்கள் தலையிலும் நற்கருணை வாங்கத் திறந்த வாயிலும் விழுந்தது. உனக்கு அங்கே மலை மலையாகப் பனி விழுகிறது, நீ வாரிக் கொட்டுகிறாய், அது நியாயம். நமக்குத் தெரிந்த பனி மார்கழி விடியலில் நெற்கதிரில் நிற்கிற பனிதான். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தகரப் பலகை, அமரர் இன்னாசியம்மாள் நினைவாக, உபயம் மகன் சின்னப்பன் குடும்பத்தார், பேரன் தனிஸ்லாஸ், கனடா என்று. அம்மா பேரைவிட உங்கள் பேர் பெரிய எழுத்தில் இருந்தது.

உன் அம்மாச்சி செய்த குடில் உனக்கு நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டதால் எழுதுகிறேன். வைகாசியில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போதே, தண்ணீர் திறப்பதற்குள், மடையோரம் படிந்த வண்டலை வெட்டி எடுத்துவந்து சலித்து மூடி வைப்பாள், புரட்டாசியில் பொம்மை பிடிக்க உட்காருவாள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, நாற்று நட்டும் களை பறித்தும் என்னையும் மாமாவையும் வளர்த்தவள், பகலெல்லாம் சேற்றில் கிடந்த கை சாயந்திரமும் சேற்றைத்தான் தேடும். ஒரு பொம்மை பிடித்து முடிகிற வரைக்கும் வாய் ஜெபமாலை சொல்லிக்கொண்டே இருக்கும், நடுவில் யார் பேச்சுக் கொடுத்தாலும் பதில் வராது, முழங்கையை மட்டும் ஆட்டுவாள். ஆடு செய்யமாட்டாள், வாத்துதான். அறுத்த வயலில் வாத்து மேய்க்க வருகிற நம் வேம்புதான் அவள் குடிலில் இடையன், தலையில் துண்டு, கையில் நீளக் கழி. பழைய பங்குச்சாமியார் ஒருவர் பைபிளில் வாத்து இல்லையே ஆத்தா என்று கேட்டதற்கு, ஆட்டுக்காரனுக்கு வானத்துலேர்ந்து சம்மனசு வந்துச்சுன்னா வாத்துக்காரனுக்கு வராமலா போயிருக்கும் சாமி, அவனும் வயல்லதான படுத்துக் கெடக்கான் என்றாளாம். அவர் அதையே அந்த வருடப் பிரசங்கத்தில் சொன்னார். மாதாவுக்கு, ஊரில் அந்த வருடம் யார் பிள்ளை பெற்றாளோ அவள் முகத்தை வைப்பாள். நீ பிறந்த வருடம் என் சப்பை மூக்கு. சனமெல்லாம் பார்த்துச் சிரித்தது, வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது, ஆனாலும் பூசை முடிகிற வரைக்கும் நான் அந்த மூக்கையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கஜா புயல் அடித்த வருடம் குடிலுக்குக் கூரை வேயவில்லை, நிவாரணத்தில் கொடுத்த தார்ப்பாயிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துப் போட்டாள், ஊரே அப்படித்தானே கிடந்தது. பெயிண்டைத் தொடமாட்டாள், சுண்ணாம்பு, காவி, அடுப்புக்கரி, அவ்வளவுதான். ஏனென்றால் ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் பூசை முடிந்ததும் மாதா, சூசையப்பர், வாத்து எல்லாவற்றையும் கும்பிட்டு அண்டாவில் இறக்கித் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடுவாள், கிண்ணம் கொண்டுவருகிற எல்லாருக்கும் அந்தச் சேற்றை ஊற்றுவாள். அறுப்புக்கு முன்னால் சம்பா வயலில் தெளிக்கிற உளுந்து விதையை அதில் பிசிறித்தான் நம் ஊரில் தெளிப்பார்கள், என்ன சாமி கும்பிடுகிறவர்களாக இருந்தாலும். நீ சின்னப் பிள்ளையில் ஒரு வாத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு தரமாட்டேன் என்று அழுதாய். அது வயலுக்குப் போவணும்டா தங்கம், அடுத்த வருசம் வேற வாத்து வரும் என்று சொல்லி உன் கையாலேயே அண்டாவில் போடவைத்தாள்.

போன ஐப்பசியில் அம்மாச்சி கண்ணை மூடுவதற்கு முன்பே இந்த வருடத்துப் பொம்மைகளைப் பிடித்துக் காயவைத்துவிட்டாள். குழந்தையை மட்டும் எப்போதுமே கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் பிடிப்பாள், பொறக்கறதுக்கு முன்னாடி புள்ளைய எப்புடிடி காட்டறது என்பாள், அதனால் அது மட்டும் இல்லை. நான் கூடையில் வைக்கோல் போட்டு மற்றவற்றை அடுக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோய், கமிட்டியில் இருக்கிற உன் மாமா கையில் கொடுத்தேன், பிள்ளையை நான் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றேன், தலையை ஆட்டினான். பைபர் குடில் வரப்போவதை அவனும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் பிடித்த பிள்ளை கொழுக்கட்டை மாதிரித்தான் வந்தது, ஆனாலும் வெள்ளைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குப் போனால், அங்கே பல்பு எரிகிற குழந்தை படுத்திருக்கிறது. கூடை எங்கேடா என்று கேட்டேன். பத்திரமா இருக்குக்கா, மண்ணையும் பைபரையும் பக்கத்துல வெச்சா லுக்கா இருக்காதுக்கா என்றான். ஊர் முன்னால் சண்டை போடவேண்டாம் என்று துணிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தேன்.

மறுநாள் வேம்பு வந்தான். தன்னைக் குடிலில் பார்க்கப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருடா வருடம் வருகிறவன். நம்ம ஆளுங்களக் காணுமேக்கா என்று என்னிடம் வந்து கேட்டான், இரண்டு பேருமாகக் கோயிலைச் சுற்றித் தேடினோம். கூடை கக்கூஸ் சுவரோரம் கிடந்தது. முதல் நாள் அம்மா நினைவாக உன் மாமா போட்ட பிரியாணி விருந்தின் எச்சில் இலை முழுவதும் அதன் மேல்தான் கொட்டியிருந்தது. எலும்பும் குழம்பும் ஊறி, ஈ மொய்த்து, ஒரு நாய் உள்ளே முகத்தை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தது. சூசையப்பருக்குத் தலை இல்லை. மாதா முகத்தில் தயிர்ப் பச்சடி வழிந்து காய்ந்திருந்தது, அது நம் தெரு செவ்வந்தியின் முகம், அவள்தான் இந்த வருடம் பிள்ளை பெற்றவள். அங்கேயே எனக்கு வாந்தி வந்தது. உன் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சமையல்காரங்க தெரியாமக் கொட்டிட்டாங்கக்கா, எப்படியும் கரைக்கிற மண்ணுதான என்றான். அந்தச் சொல்லைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. அவள் கரைத்தாள், ஆமாம், கும்பிட்டுக் கரைத்தாள். பெற்றவளைக்கூட மண்ணுக்குள்தான் வைத்தோம், அதற்காக எச்சில் இலைக்கு நடுவிலா வைத்தோம். வேம்பு ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் துண்டில் வைத்தான். சுடாத பச்சை மண், கழுவினால் கரைந்துவிடும் என்று ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து வீட்டில் நிழலில் வைத்தேன். என் கையைவிட்டு அந்த நாற்றம் போகப் பல நாள் ஆயிற்று, இன்றைக்கும் பட்டை கிராம்பை நான் அடுப்படிக்குள் விடுவதில்லை.

மூன்று ராசாக்கள் திருநாளன்று ஷம்சாத் கிண்ணத்தோடு கோயிலுக்கு வந்து நின்றாள், குத்தகை நிலத்துக்கு உளுந்து தெளிக்கவேண்டும், அவள் பின்னால் இன்னும் பல வீட்டுப் பெண்கள். உன் மாமா பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இது கரையாதுங்க, இருவது வருசம் தாங்கும் என்று பெருமையாகச் சொன்னான். அப்ப வயலுக்கு எதத் தம்பி போடுறது என்று ஷம்சாத் நிஜமாகவே கேட்டாள். அவன் ஒரு பிடி தெர்மாகோலை அள்ளி அவள் கிண்ணத்தில் போட்டுச் சிரித்தான். விளையாட்டுக்குச் செய்தானாம். நான் எல்லாரையும் நம் வீட்டுக்குக் கூட்டிவந்து, அம்மாவின் அண்டாவை எடுத்துப் போட்டு, உடைந்ததும் முழுசுமாக எல்லாவற்றையும், என் கொழுக்கட்டைப் பிள்ளையையும் சேர்த்து, தண்ணீர் விட்டுக் கரைத்தேன். ஜெபத்தை அப்பா சொன்னார். கிண்ணம் கிண்ணமாக வாங்கிப் போனார்கள். எல்லாரும் போனதும் அறுப்பு அரிவாளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன், என்ன செய்யப்போகிறாளோ என்று பயந்து உன் அப்பா காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஒன்றும் செய்யவில்லை, அந்தப் பலகையிலிருந்து என் அம்மா பேரை மட்டும் சுரண்டி எடுத்தேன். உபயம் என்பதும் மாமா பேரும் உன் பேரும் இன்னமும் அதில் அப்படியே இருக்கின்றன.

கூடைக்கு நேர்ந்தது தெரியாமல்தான் நீ உடந்தையாக இருந்தாய் என்று நம்புகிறேன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாத்துக்காக அழுத உனக்கே இது மறந்துபோனால் உன் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல ஆள் யார், அதுதான் எனக்கு உறுத்துகிறது. அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மாமா உன்னிடம் சொல்வான், சொல்லிக்கொள்ளட்டும். வரும் வைகாசியில் மண் வெட்ட நான் போகப்போகிறேன், வேம்பு கூட வருகிறேன் என்றிருக்கிறான். என் கைக்கு வாத்து கோழியாகத்தான் வரும், வந்துவிட்டுப் போகட்டும், நம் வீட்டு வாசலில் வைப்பேன். டிசம்பரில் நீ வருவதானால் எதையும் வாங்கி வராதே. பலகையில் இருக்கிற உன் பேரை நீயே வந்து எடு, அரிவாள் கொட்டகையில் செருகி இருக்கிறது.

மருமகளை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல், பேரனை வெளியே அனுப்பும்போது குளிருக்குக் காதை மூடி அனுப்பு. எவ்வளவு திட்டினாலும் நீ என் பிள்ளை, ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, மாதா உங்கள் வீட்டில் குடியிருப்பாளாக. டப்பாவில் இருப்பது இந்த வருடத்து உளுந்து, அந்தச் சேற்றில் பிசிறித் தெளித்தது. கொஞ்சம்தான், தாளித்து வீணாக்காதே. ஊறவைத்து, தோலைக் கையாலேயே பிசைந்து கழுவு, பேரனையும் பாத்திரத்துக்குள் கையை விடச் சொல். இது என்ன என்று கேட்பான். வாத்து என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
இன்னாசியம்மாள் மகள் அடைக்கலமேரி.