தங்கையிடம் காட்டாத தலை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ சுகமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், அது உண்மையாகவே இருக்கட்டும், ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் கேட்டால் சிக்னல் இல்லம்மா என்று நழுவிவிடுவாய்.

போன ஞாயிறு தங்கச்சியிடம் பேசினாயா என்று கேட்டதற்கு, நேத்துதான் பேசினேன், அவ வாயை மூடினாத்தானே என்று சிரித்தாய். அடி கள்ளி, அவளுக்குத் தொண்டை கட்டிப் பத்து நாளுக்கு மேலாக வெறும் காற்றுதான் வருகிறது. பார்லருக்கு வருகிறவர்களிடம் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதைக்கூட விரலால் அளந்து காட்டித்தான் கேட்கிறாள். வீடு இவ்வளவு அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்ல அத்தை என்று மாப்பிள்ளை என்னிடம் சந்தோஷப்பட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அக்கா பேசினா, ஆபீஸ்ல புது மேனேஜர் சரியான முசுடாம் என்று போன மாதம் எனக்கே சேதி சொன்னாள். அந்த முசுடைப் பற்றி அவளிடம் சொன்னதே நான்தான். நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்லி இரண்டு பேரும் என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே போர்வைக்குள் கிடந்து ஓயாமல் குசுகுசுத்தவர்களா நீங்கள்?

அவள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்லர் வைத்தபோது நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும், கல்யாணமும் வேணாம் ஊரும் வேணாம்னு போறவ எனக்குப் புத்தி சொல்ல வேணாம் என்று அவள் வெடுக்கென்று சொன்னதும் எனக்குத் தெரியும். அதோடு தீர்ந்தது என்றிருந்தேன். நேற்று அவளை உட்காரவைத்துத் துருவியதில் வேறு ஒன்று வெளியே வந்தது. லீவுக்கு வந்தப்ப அக்கா மெயின் ரோட்டுக் கடையில போய் முடி வெட்டிக்கிட்டு வந்தாம்மா, வாசல்ல நுழையும்போதே தெரிஞ்சுது, பின்னாடி ஒரே கோணல், என் நாற்காலியில உட்கார்ந்தா அவ கௌரவம் குறைஞ்சிடுமா என்று அந்த இல்லாத குரலில் கேட்டுவிட்டு அழுதாள். எனக்கும் உன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொந்தத் தங்கை கத்தரிக்கோலோடு வீட்டில் இருக்க, எவளோ ஒருத்தியிடம் போவாளா ஒருத்தி என்று அப்பாவிடம் கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் யோசித்தேன். நீ ஊருக்குப் போன அன்று உன் தலையணை உறையை உதறும்போது முடி கொத்தாக விழுந்தது, தண்ணீர் மாறியதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் வீடியோவில் நீ நெற்றிக்கு மேலே காட்டுவதே இல்லை. வீட்டுக்குள் எதற்கடி தொப்பி என்றால் குளிர் என்கிறாய், உன் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. எவளோ ஒருத்தி என்றால் மூடி மறைக்கிற மாதிரி வெட்டிவிட்டு அனுப்பிவிடுவாள், எதுவும் கேட்க மாட்டாள். உன் தங்கை விரலை விட்டால் எந்த இடத்தில் எவ்வளவு கொட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்து, நாற்காலியை விட்டு எழவிடாமல் எதனால் என்று கேட்டிருப்பாள். அதற்குத்தானே பயந்தாய்? நீ அவளைக் கேவலமாக நினைக்கவில்லை, ஒளிந்துகொண்டாய். வேலையா, உடம்பா, அல்லது அங்கே உனக்கு ஏதாவது கஷ்டமா, எனக்குத் தெரியவில்லை. என் சந்தேகம் தப்பாக இருந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு போட்டோ அனுப்பு, நான் வாயை மூடிக்கொள்கிறேன். சரியாக இருந்தால் முதலில் ஒரு நல்ல டாக்டரைப் பார். கண்ட எண்ணெயையும் வாங்கித் தடவாதே.

தங்கச்சியிடம் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும். அவள் பார்லருக்குச் செவ்வாய்க்கிழமை லீவு, அன்று கூப்பிடு. அவளால் பேச முடியாது, நல்லதாகப் போயிற்று, ஒரு தடவையாவது நீ சொல்வதை முழுசாகக் கேட்பாள். நீ கூப்பிடவில்லையென்றால் புதன்கிழமை காலையில் நானே சொல்லிவிடுவேன். அப்புறம் அவள் பார்லரைப் பூட்டிவிட்டு, கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு, உன் வாசலில் வந்து நிற்பாள். உனக்கு அவளைத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. ஒரு குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு. செவ்வாய்க்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னை நம்பாத, உன் அம்மா